பசித்த தண்ணீர்

பவளம் வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டிக்கு மூன்று மாதம் நிறைந்த வாரம். வெள்ளிக்கிழமை இரவு, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, சமையலறை மேடையில் சோதனைக் குப்பிகளை வரிசையாக வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பாஸ்பேட் கருவியின் திரையில் மூன்று நிமிடக் கணக்கு இறங்கி முடிந்து 0 என்று நின்றது. நைட்ரேட் குப்பியில் இளஞ்சிவப்பின் சாயல்கூட விழவில்லை. இரண்டும் பூஜ்யம். அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பன்னிரண்டாவது நாள், தொட்டியிலிருந்த ஆறு டர்போ நத்தைகளில் நான்கு மல்லாந்து கிடந்தன. மணல் முழுக்கப் பழுப்பு நிறத்தில் சளி போல ஒரு படலம். பாறைகளிலிருந்து அது நூல் நூலாகத் தொங்கியது. நூல்களின் நுனியில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள். ஹேமர் பவளம் தன் கூட்டுக்குள் சுருங்கிக் கிடந்தது. பச்சையும் ஆரஞ்சுமாகப் பூப்போல இருந்த ஸோவாந்திட் பவளங்கள் வெளிறிப்போய், பாதிக்குமேல் மூடிக்கொண்டிருந்தன.

அந்தப் பூஜ்யத்துக்கும் இந்தப் பழுப்புக்கும் உள்ள தொடர்பு எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியில் பாசிக்கும் பவளத்துக்கும் உணவு. புதுத் தொட்டிக்கு அழுக்கைவிடப் பட்டினிதான் பெரிய ஆபத்து என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். கேட்கிற பலரும் நம்புவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது சிங்கப்பூரில், ஒரு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில். தொட்டி 90 செ.மீ. நீளம், 45 அகலம், 50 உயரம். கீழே அலமாரிக்குள் சம்ப், அதாவது வடிகட்டும் கருவிகளுக்கான இன்னொரு தொட்டி. பாறையும் மணலும் அடைக்கிற இடத்தைக் கழித்து, சம்ப்பில் இருப்பதையும் கூட்டினால், ஓடுகிற தண்ணீர் ஏறத்தாழ 200 லிட்டர். இந்த 200 நினைவில் இருக்கட்டும், பின்னால் கணக்குக்கு வேண்டும். அறையில் வெப்பம் சாதாரணமாக 30 டிகிரியைத் தொடும் ஊர் இது. அதனால் சில்லர் என்ற குளிரூட்டி போட்டு 26-ல் வைத்திருக்கிறேன். குழாய்த் தண்ணீரில் இங்கே குளோரமின் கலக்கிறார்கள். அதை ஆர்.ஓ. சவ்விலும், மிச்சத்தைப் பிடிக்கும் டி.ஐ. பிசினிலும் வடிகட்டி, டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் பொருள்களின் அளவு, 0 வந்த பிறகு உப்பு கலக்கிறேன். டி.ஐ. பிசின் தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் விட்டால், குளோரமின் உடைந்து வரும் அம்மோனியா தொட்டிக்குள் வந்துவிடும். இந்த ஒரு பூஜ்யத்தை மட்டும் நீங்கள் தாராளமாகத் துரத்தலாம்.

தொடக்கத்தில் நைட்ரஜன் சுழற்சி எல்லாருக்கும் நடப்பதுபோலத்தான் நடந்தது. அம்மோனியா ஏறி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகி, ஐந்தாவது வாரம் முடிந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த கட்டம். சுழற்சி முடிந்ததும் தொட்டி தயார் என்று நினைக்கிறோம். உண்மையில் அப்போது தயாராவது ஒரே ஒரு வேலை: அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலை. கடலில் ஒரு பாறையின் மேல் ஆயிரம் விதமான நுண்ணுயிர்கள் இடத்துக்கு அடித்துக்கொண்டு வாழ்கின்றன. நான் வாங்கியது ட்ரை ராக், காய்ந்த வெள்ளைப் பாறை, 20 கிலோ. அதன்மேல் எதுவும் இல்லை. புறம்போக்கு நிலம் மாதிரி, முதலில் வந்து வேலி போடுகிறவனுக்குச் சொந்தம்.

எனக்கு அப்போது பாசி என்றாலே பயம். பார்த்த காணொளிகளில் எல்லாம் பச்சை முடி போலப் பாசி மண்டிய தொட்டிகள், கீழே ஒரே அறிவுரை: நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் குறை. அதனால் முதல் நாளிலிருந்தே எல்லா ஆயுதத்தையும் கையில் எடுத்துவிட்டேன். தொட்டிக்குத் தேவையானதைவிடப் பெரிய ஸ்கிம்மர், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுக் குருணை, அதாவது ஜி.எஃப்.ஓ. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிக்கொள்ளச் சம்ப்பில் வளர்க்கும் கீட்டோ பாசிக்கு ஒரு விளக்கு. வாரா வாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்றல். இரண்டே இரண்டு க்ளௌன் மீன்களுக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள், விரல் நுனியில் எடுத்த நாலைந்து குருணைத் தீனி. இத்தனை வாய்க்கும் அவ்வளவுதான் வரும்படி. பூஜ்யம் வராமல் என்ன செய்யும்?

பழுப்புப் படலம் வந்ததும் நான் செய்ததுதான் பெரிய தவறு. அதை அழுக்கு என்று எடுத்துக்கொண்டேன். சோதனை பூஜ்யம் காட்டினாலும், பாசி அத்தனையையும் தின்றுவிடுவதால்தான் பூஜ்யம் காட்டுகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். தீனியை இன்னும் குறைத்தேன். புது ஜி.எஃப்.ஓ. போட்டேன். தண்ணீரை வாரம் இரண்டு முறை மாற்றினேன். மூன்று நாள் கறுப்புத் துணியால் தொட்டியை மூடி இருட்டாக்கினேன். நாலாம் நாள் துணியை எடுத்தபோது மணல் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரே வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தது, முன்பைவிடத் தடிமனாக.

இங்கே இந்தப் பொழுதுபோக்கில் பதினைந்து வருடமாக இருக்கிற ஒரு அண்ணன் உண்டு. கடையில் உப்பு வாங்கும்போது பழக்கம். படங்களை அனுப்பியதும் மறுநாளே ஒரு சின்ன நுண்ணோக்கியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். முதலில் தொட்டியையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி சுத்தமாத்தான் இருக்குண்ணே. ரெண்டுமே ஜீரோ. அப்பறமும் ஏன் இப்படி வருதுன்னு தெரியல."

"மீனுக்கு எத்தன வேள போடுற தம்பி?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

"அடுப்பே பத்த வைக்காம, பாத்திரமெல்லாம் பளபளன்னு இருக்குன்னு சொல்ற."

அப்புறம் அவர் ஒரு சோதனை காட்டினார். அந்தப் பழுப்புச் சளியை உறிஞ்சி ஒரு புட்டியில் போட்டு நன்றாகக் குலுக்கி, காகிதத்தில் வடிகட்டினார். கீழே இறங்கிய தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அதை விளக்குக்குக் கீழே வைத்துவிட்டுக் காப்பி குடித்தோம். ஒரு மணி நேரத்தில் அந்தத் தெளிந்த தண்ணீரில் பழுப்பு நூல்கள் மறுபடியும் தாமாகத் திரண்டன. "டைனோ" என்றார். டைனோஃப்ளாஜெல்லேட்டுகள், சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைச் செல் உயிர்கள். நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்தபோது, கண்ணீர்த் துளி வடிவத்தில் ஒன்றொன்றும் தன் கூர்நுனியை ஊன்றிக்கொண்டு பம்பரம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆஸ்ட்ரியாப்சிஸ். இந்த வகை நச்சு சுரக்கும். நத்தைகள் செத்ததற்கு அதுதான் காரணம்.

எனக்கு மிக வியப்பாக இருந்தது வேறொன்று. பவளத்தின் சதைக்குள் குடியிருந்து, வெயிலில் சமைத்து, பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைக் கொடுக்கிறதே ஸூக்ஸாந்தெல்லே, அதுவும் ஒரு டைனோஃப்ளாஜெல்லேட்தான். என் பவளத்துக்குச் சோறு போடுகிறதும், பவளத்தின்மேல் போர்வையாகப் படர்ந்து கொல்கிறதும் பங்காளிகள். உணவு இல்லாமல் போனால் உள்ளே இருப்பது வாடுகிறது, வெளியே இருப்பது செழிக்கிறது. ஏனென்றால் வெளியே இருப்பவை ஒளியை மட்டும் நம்பி இல்லை. அவற்றில் பல, பாக்டீரியாவையும் விழுங்கும், கரைந்த கரிமப் பொருளையும் எடுத்துக்கொள்ளும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால், சிலிக்கா ஓடு கட்டும் நுண்பாசியான டயாட்டம், பச்சைப்பாசி, பாக்டீரியா எல்லாம் வளர்ந்து இடத்துக்குப் போட்டி போடும். இரண்டும் பூஜ்யமானால் போட்டியாளர்கள் பட்டினி கிடந்து விலக, பஞ்சம் பிழைக்கத் தெரிந்தது மட்டும் மிஞ்சுகிறது. அதுவும் என் தொட்டிபோல ட்ரை ராக் வைத்த புதுத் தொட்டியில் போட்டி தொடக்கத்திலிருந்தே குறைவு.

அண்ணன் சொன்ன பாத்திரத்தை நான் பிறகு நிறைய யோசித்தேன். சோதனைக் கருவி காட்டுவது பானையில் மிச்சம் இருக்கும் சோற்றை மட்டும். பானை காலி என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டுத் தீர்த்திருக்கலாம். அல்லது உலையே வைக்காமல் இருந்திருக்கலாம். பவளம் நிறைந்த, பத்துப் பதினைந்து மீன்களுக்கு தினமும் மூன்று வேளை தீனி விழுகிற ஐந்து வருடத் தொட்டியில் பாஸ்பேட் 0.01 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், என்று காட்டினால் அது முதல் வகை. என் தொட்டி இரண்டாவது. எண் ஒன்றுதான், நிலைமை நேர் எதிர்.

ஒரு கிராம் காய்ந்த தீனி என்ன கொண்டுவருகிறது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தீனியில் புரதம் 45 சதவீதம். புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம். ஆக ஒரு கிராமில் 72 மில்லிகிராம் நைட்ரஜன். அத்தனையும் கடைசியில் நைட்ரேட் ஆனால், 4.43-ஆல் பெருக்க வேண்டும், 319 மில்லிகிராம். 200 லிட்டரில் அது 1.6 பிபிஎம். பாஸ்பரஸ் ஏறத்தாழ ஒரு சதவீதம் என்று வைத்தால் 10 மில்லிகிராம், பாஸ்பேட்டாக 31 மில்லிகிராம், தொட்டியில் 0.15 பிபிஎம். ஆச்சரியமான விஷயம், இரண்டுக்கும் விகிதம் பத்துக்கு ஒன்று. கடல் மிதவை உயிர்களில் பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் 16, கார்பன் 106 என்று ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு 1934 முதல் ஆராய்ந்து நிறுவிய விகிதத்தை, நைட்ரேட், பாஸ்பேட் எடைக்கு மாற்றினாலும் ஏறத்தாழ அதே பத்துக்கு ஒன்றுதான் வருகிறது. உயிரை அரைத்துச் செய்ததுதானே தீனி, அதனால் ஒத்துப்போகிறது.

இதைப் படித்துவிட்டு ரெட்ஃபீல்டு விகிதத்தைத் தொட்டியில் பிடித்து நிறுத்தப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். நானும் ஒரு மாதம் அதைத் துரத்திப் பார்த்தேன். உயிர்களின் உடம்புக்குள் இருக்கும் விகிதம் அது. பானையில் மிச்சம் இருப்பது எந்த விகிதத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டுமே அளக்கக்கூடிய அளவில் இருக்கிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும். நான் வைத்துக்கொண்ட எல்லை நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 முதல் 0.1.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். கடலில் பவளப்பாறை இருக்கும் இடத்தில் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறதே, அங்கே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகமிகக் குறைவுதானே? உண்மைதான். திறந்த கடலின் தெளிந்த பவளத்திட்டுகளில் நைட்ரேட் 0.1 பிபிஎம்-க்கும் கீழே கிடக்கும். அவ்வளவு வறண்ட தண்ணீரில் இவ்வளவு உயிர் எப்படி என்பதை அறிவியலாளர்கள் டார்வின் முரண் என்றே சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் நிற்பதில்லை. ஒவ்வொரு நொடியும் புதுத் தண்ணீர் வந்து மோதுகிறது, மிதவை உயிர்களைச் சுமந்துகொண்டு. லிட்டருக்கு ஒரு பருக்கை இருந்தாலும், நாள் முழுக்கக் கோடி லிட்டர் கடந்துபோனால் அது விருந்து. மீன் கூட்டம் போடுகிற எச்சம் வேறு. என் 200 லிட்டரோ அதே தண்ணீர்தான், திரும்பத் திரும்ப.

தெளிந்த தண்ணீர்தான் பவளத்தின் வீடு என்பதும் முழு உண்மை இல்லை. இதைச் சிங்கப்பூரில் இருப்பவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். தெற்கே புலாவ் ஹந்து, சிஸ்டர்ஸ் தீவு, செயின்ட் ஜான்ஸ் தீவு பக்கம் கடல் கலங்கலாக, பச்சையாக இருக்கும். முக்குளித்தால் பல நாள் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் தெரியாது. கப்பல்கள், மண் கொட்டிய கரைகள், வண்டல். அந்தத் தண்ணீரில் ஏறத்தாழ 250 வகைக் கடினப் பவளங்கள் வாழ்கின்றன. வெளிச்சம் ஆழத்துக்குப் போகாததால் மேல்மட்டத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு வளர்கின்றன. நீர் வற்றிய ஒரு விடியற்காலையில் அவற்றைப் பார்த்துவிட்டு வந்தபோது, என் தொட்டித் தண்ணீரின் பளபளப்பில் எனக்கு இருந்த பெருமை குறைந்துவிட்டது.

அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஆகிவிடாது. ஹவாயின் கானியோஹே வளைகுடாவில் கழிவுநீரை விட்டுக்கொண்டிருந்த காலத்தில் குமிழ்ப்பாசி பவளங்களை மூடி வளர்ந்தது. 1977-78-ல் கழிவுநீரை வேறு பக்கம் திருப்பிவிட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. பாஸ்பேட் மிக அதிகமானால் பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டுவதும் மந்தமாகும். பாசிக்குப் பயந்தவர்கள் காரணமில்லாமல் பயப்படவில்லை. ஆனால் புதுத் தொட்டி வைத்தவர் கையில் அந்தப் பயம் அளவு தாண்டிப் போய்விடுகிறது. அதுதான் என் ஆதங்கம்.

எனக்கு இதில் தெளிவு கொடுத்தது இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடென்மான் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு. நைட்ரேட் கூடி, பாஸ்பேட் கிடைக்காமல் போகும்போது பவளம் வெப்பத்தையும் ஒளியையும் தாங்கும் வலுவை இழந்து எளிதில் வெளுக்கிறது என்று காட்டினார்கள். நைட்ரஜன் கிடைப்பதால் உள்ளிருக்கும் பாசி பெருகிக்கொண்டே போகிறது. பெருகுகிற உயிரணுக்கள் சவ்வு கட்டப் பாஸ்பரஸ் வேண்டும், அது இல்லை. அரைகுறையாகக் கட்டின வீடு வெயிலுக்குத் தாங்குமா? தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் முக்கியமான செய்தி இருக்கிறது. ஜி.எஃப்.ஓ. போட்டுப் பாஸ்பேட்டை மட்டும் துடைத்தெடுத்துவிட்டு நைட்ரேட்டை 20-ல் விட்டு வைத்தால், இரண்டும் அதிகமாக இருக்க விட்டதைவிட மோசமான இடத்தில் பவளத்தை நிறுத்துகிறோம்.

சரி, என் தொட்டிக்கு வருகிறேன்.

அண்ணன் கிளம்பும் முன்பே ஜி.எஃப்.ஓ.வைக் கழற்றி எடுத்தோம். ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓடவிட்டேன். கீட்டோவின் விளக்கைப் பதினாலு மணி நேரத்திலிருந்து ஆறுக்குக் குறைத்தேன். தண்ணீர் மாற்றலை மொத்தமாக நிறுத்தினேன். மீன்களுக்கு தினமும் இரண்டு வேளை, இன்னும் மூன்று மீன்களையும் வாங்கி விட்டேன். நச்சை உறிஞ்ச ஒரு கரிப் பை. ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலை விட்டு எழுந்து தண்ணீரில் மிதக்கும். அதனால் தொட்டியிலிருந்தே நேராகத் தண்ணீர் இழுக்கும்படி அவற்றைப் புற ஊதாக் கதிரால் கொல்லும் ஒரு யு.வி. விளக்கு வைத்து இரவெல்லாம் ஓட்டினேன். உங்களுக்கு வந்திருப்பது ஆம்ஃபிடினியம் என்ற இன்னொரு டைனோ வகையாக இருந்தால் யு.வி. பெரிதாக உதவாது. அது மணலை விட்டு எழுவதில்லை. அதற்குச் சிலிக்கேட் கொடுத்து டயாட்டத்தை வளர்த்துப் போட்டிக்கு விடுகிறார்கள். எது வந்திருக்கிறது என்று தெரியாமல் மருந்து தேடாதீர்கள், சின்ன நுண்ணோக்கி மலிவாகவே கிடைக்கிறது. என் நாலு நத்தைகளின் விலையும் நான் வீணாக்கிய ஜி.எஃப்.ஓ.வின் விலையும் சேர்த்தால் அதைவிட அதிகம்.

தீனி மட்டும் போதவில்லை, எண்கள் அசையவே இல்லை. அதனால் கடையில் கிடைக்கும் நைட்ரேட், பாஸ்பேட் கரைசல்களை அளந்து விட ஆரம்பித்தேன். முதல்முறை கை நடுங்கியது என்று சொல்ல வேண்டும். நாலு மாதமாக வெளியேற்றப் பாடுபட்ட பொருளைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுகிறோம். கணக்கு எளிது. 200 லிட்டரில் நைட்ரேட்டை 1 பிபிஎம் ஏற்ற 200 மில்லிகிராம் நைட்ரேட் வேண்டும். பாஸ்பேட்டை 0.01 ஏற்ற 2 மில்லிகிராம் போதும். ஒரு மில்லி கரைசலில் எவ்வளவு இருக்கிறது என்று புட்டியில் போட்டிருக்கும், மீதி வகுத்தல்.

நைட்ரேட் சொன்னபடி கேட்டது. நாளுக்கு ஒரு பிபிஎம் விட்டேன், ஒரு வாரத்தில் 5-ல் நின்றது. பாஸ்பேட் கேட்கவில்லை. காலையில் 0.05-க்கு வேண்டியதை விடுவேன், மறுநாள் காலை 0.01. மறுபடியும் விடுவேன், மறுபடியும் காணாமல் போகும். பத்து நாள் இப்படியே. யார் தின்கிறார்கள் என்று குழம்பிப்போனேன். தின்னவில்லை, பாறை வாங்கி வைத்துக்கொண்டது. சுண்ணாம்புப் பாறையின் பரப்பில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கூடினால் பாறை எடுத்துக்கொள்ளும், குறைந்தால் திருப்பிக் கொடுக்கும். என் 20 கிலோ பாறையை ஜி.எஃப்.ஓ.வால் மாதக்கணக்கில் சுரண்டி வைத்திருந்தேன். அது தன் பங்கை வாங்கி நிரப்பிக்கொள்ளும்வரை தண்ணீரில் எதுவும் தங்கவில்லை. வாய்க்கால் வறண்டு கிடந்தால் முதலில் விட்ட தண்ணீரை மண்தானே குடிக்கும். பதினாறாவது நாள் 0.04 அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு மணலில் பச்சைத் தூசு போல ஏதோ படர ஆரம்பித்தது. கண்ணாடியிலும் பச்சை. முன்பு அதைப் பார்த்திருந்தால் துடிதுடித்துப் போயிருப்பேன். இப்போது காந்தத் துடைப்பானைக்கூடத் தொடவில்லை. பச்சை பரவப் பரவப் பழுப்பு பின்வாங்கியது, முதலில் பாறை மேட்டில், பிறகு மணலின் ஓரங்களில், கடைசியாக ஸ்கிம்மர் குழாயின் பின்னால். ஆறாவது வாரம் எடுத்த துளியில் நுண்ணோக்கிக்குக் கீழே ஒன்றுகூடச் சுற்றவில்லை. ஹேமர் அதற்கு முன்பே விரிந்துவிட்டது. ஸோவாந்திட்களில் இரண்டு குழுக்கள் போயே போய்விட்டன, திரும்பவில்லை.

சோதனைக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தவறின் வேரில் பாதி அங்கே இருக்கிறது. என்னிடம் இருப்பது ஹன்னா நிறுவனத்தின் சின்னக் கருவி. அது பாஸ்பேட்டைக் காட்டுவதில்லை, பாஸ்பரஸை பிபிபி-யில், அதாவது பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்காக, காட்டுகிறது. 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம். திரையில் 16 என்றால் 0.05. அதன் பிழை எல்லை 5 பிபிபி என்று கையேட்டிலேயே இருக்கிறது. பாஸ்பேட்டில் அது 0.015. அப்படியென்றால் 0 என்று காட்டிய அந்த இரவில் உண்மையில் 0-வா 0.015-ஆ என்று கருவிக்கே தெரியாது. ஒரே ஒரு அளவை வைத்து எதையும் மாற்றக்கூடாது என்பதை இப்படித்தான் கற்றுக்கொண்டேன். குப்பியில் விரல் ரேகை இருந்தாலும், உள்ளே குமிழி ஒட்டியிருந்தாலும் எண் மாறும். துடைத்து, அதே குப்பியை அதே திசையில் வைத்து, வாரத்தில் அதே நாளில் அதே நேரத்தில் அளக்கிறேன். ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைக்கிறேன். தனியாக ஒரு எண்ணைவிட, நாலு வாரம் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

எட்டாவது மாதம் அந்த நோட்டு எனக்கு உதவியது. பாஸ்பேட் 0.08, 0.12, 0.17, 0.22 என்று ஏறிக்கொண்டே வந்தது. தினமும் விழுந்த தீனியும், நிறைந்துவிட்ட பாறையும் சேர்ந்த விளைவு. பாறையில் பச்சை முடிப்பாசியும் தலைகாட்டியது. கை மறுபடியும் ஜி.எஃப்.ஓ. டப்பாவைத் தேடிப் போனது உண்மை. ஆனால் உணவை இழுத்த இழுப்பில் பிடுங்கினால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. பாஸ்பேட் திடீரென்று விழும்போது, காரத்தன்மை உயரத்தில் இருந்தால் அக்ரோப்போரா போன்ற கிளைப் பவளங்களின் நுனி எரிந்ததுபோல வெளுக்கும். அதனால் காரத்தன்மையைக் கடலில் இருப்பதை ஒட்டி 7.5 டி.கே.எச்.-ல் வைத்துக்கொண்டேன். ஸ்கிம்மர் மறுபடியும் முழு நேரம். கீட்டோவுக்குப் பத்து மணி நேர விளக்கு. தீனியைக் குறைக்கவில்லை. நாலு வாரத்தில் 0.09-க்கு இறங்கியது. முடிப்பாசியைக் கையாலும், புதிதாக விட்ட நத்தைகளாலும் கட்டுப்படுத்தினேன்.

தண்ணீர் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு மாற்றினால், 10-ல் இருந்த நைட்ரேட் 9-க்குத்தான் வரும். ஒரு கிராம் தீனியில் அது திரும்ப ஏறிவிடும். நான் இன்றும் மாற்றுகிறேன், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, தாது உப்புகளுக்காக.

வெளியேற்றும் வேலையைச் செய்வது கீட்டோதான். தண்ணீரில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியின் உடம்பாகி, நான் அதைப் பிடுங்கி எடுக்கும்போதுதான் உண்மையில் தொட்டியை விட்டுப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கைப்பிடி அளவு எடுத்துப் பிழிந்து போடுவேன். நான் பாம்பன் பக்கத்துக்காரன். எங்கள் கடற்கரையில் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் நின்று பாறையிலிருந்து கடல்பாசி பறிப்பார்கள். அம்மாவும் கல்யாணத்துக்கு முன் போனவர். ஒருநாள் வீடியோவில் நான் பாசி பிழிவதைப் பார்த்துவிட்டு, "அங்க போயும் பாசிதான் எடுக்குறியா?" என்று கேட்டார். அப்புறம், "முழுசா எடுத்துராத, வேர விட்டு எடு. அப்பத்தான் திரும்ப வரும்" என்றார். கீட்டோவுக்கு வேர் கிடையாது, ஆனால் சொன்னது சரி. அன்றிலிருந்து பாதிக்கு மேல் எடுப்பதில்லை. முன்பு மொத்தமாக வாரிய வாரங்களிலெல்லாம் அடுத்த அளவு ஏறிப்போயிருந்தது நோட்டில் தெரிகிறது.

ஊரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து சில தம்பிகள் கேட்கிறார்கள், மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு பவளமோ பாறையோ எடுத்துத் தொட்டி வைக்கலாமா என்று. வேண்டாம். கடினப் பவளங்கள் அத்தனையும், கடல்விசிறிகளும், 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் சேர்க்கப்பட்டவை. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அந்தக் கடலில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தது போதும். கடல் மீன் மட்டும் உள்ள தொட்டியிலும் நைட்ரேட், பாஸ்பேட், பாறை, பாசி எல்லாம் இதே பாடம்தான். அதில் பழகலாம்.

புதிதாகத் தொட்டி வைத்த ஒரு தம்பி போன வாரம் படம் அனுப்பியிருந்தார். ஒன்பது வாரத் தொட்டி, திரையில் 0, பக்கத்தில் ஒரு கட்டை விரல். உடனே கூப்பிட்டேன். "தம்பி, மீனுக்கு எத்தனை வேளை போடுறீங்க?"

எனக்கு இன்று ஞாயிறு. காலையில் அளந்தாயிற்று. நைட்ரேட் 7, பாஸ்பேட் 0.07. பாசி எடுத்தேன், பாதி. ஹேமரின் ஒரு தலை நடுவில் இடுப்பு போல ஒடுங்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. இன்று மகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, வாய் இரண்டாகிவிட்டது என்றாள். இரண்டுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு இறால் துண்டு கொடுத்தோம். இரண்டும் வாங்கிக்கொண்டன.